பேராசிரியரைப் பார்க்கப் போகும் முன்: நெல்லைச் சீமையின் சின்னத் தொண்டு நிறுவனங்களுக்கு

உங்கள் திட்டத்தைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மதிப்பிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்களா? பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டிக்கு பஸ் ஏறும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்குக் கீழே இரண்டு வரி. விடை ‘ஆமாம்’ என்று வந்தால் நாம் என்ன செய்வோம்? ‘இல்லை’ என்று வந்தால் என்ன செய்வோம்? இரண்டு வரியிலும் ‘திட்டத்தை இப்படியே தொடர்வோம்’ என்றுதான் எழுத வருகிறது என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு வேறு கேள்வி தேடுங்கள். யாருக்கும் உபயோகமில்லாத விடைக்காக ஒரு வருஷம் ஊர் ஊராக அலைவதில் அர்த்தமில்லை.

நான் முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடைப்பட்ட பீடி சுற்றும் ஊர்களில் வேலை செய்கிற ஒரு சிறிய டிரஸ்டின் ஒருங்கிணைப்பாளர். பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம், வளரிளம் பிள்ளைகளுக்கு வாராந்திரக் குழு, அம்மாமார்களுக்கு மாதக் கூட்டம், இவ்வளவுதான் எங்கள் வேலை. நிதி தருகிறவர்கள் ‘வெளியார் மதிப்பீடு வேண்டும்’ என்று கேட்க ஆரம்பித்தபோது சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட்டை வரவழைப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று போனோம். அப்படிப் போய்வந்ததில் கற்றுக்கொண்டதை, அதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கேள்வியைப் பிடிப்பது

‘எங்கள் திட்டம் நல்ல திட்டமா?’ என்று கேட்டால் எந்தப் பேராசிரியரும் பதில் சொல்ல முடியாது. ‘வாரம் ஐந்து நாள் நடக்கிற மையத்தை மூன்று நாளாக்கினால் பிள்ளைகளின் வாசிப்பு குறையுமா?’ என்று கேட்டால் சொல்லலாம். ‘அம்மா கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிற வீட்டில், பெண்பிள்ளை பத்தாவதோடு நிற்பது குறைகிறதா?’ என்பதும் கேட்கத்தக்க கேள்விதான். அதற்கு இரண்டு மூன்று வருஷப் பொறுமை வேண்டும்.

கேள்வியை எழுதும்போது மையத்தை நடத்துகிற தன்னார்வலர்களும் கூட இருக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து நாமே எழுதினால் அது நம்முடைய புராஜெக்ட் அறிக்கையின் பாஷையில்தான் இருக்கும். ஒரு சார்ட் பேப்பரில் இடது ஓரம் ‘நாம் செய்வது’, வலது ஓரம் ‘பிள்ளையிடம் மாறுவது’ என்று எழுதி, இடையில் என்னென்ன நடந்தால் இது அதுவாகும் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். எங்களிடம் ஒரு தன்னார்வலர் ‘மையம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கத்தான்’ என்றார். பக்கத்து ஊர்க்காரர் ‘சாயங்காலம் பிள்ளை சொளவு முன்னால உட்காராம இருக்கணும், அதுக்குத்தான் மையம், படிப்பு அப்புறம்’ என்றார். (சொளவு என்பது மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற முறம்.) இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தில் ஒரே வேலை செய்கிறவர்கள். இரண்டும் நியாயமான நோக்கம்தான், ஆனால் முதலாவதை அளக்க வாசிப்புச் சோதனை வேண்டும், இரண்டாவதை அளக்கப் பிள்ளையின் சாயங்கால நேரம் எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும். இந்தப் பேச்சு நமக்குள் நடந்து முடியாமல் பேராசிரியர் முன்னால் போய் உட்கார்ந்தால், அவர் கையில் ஏற்கெனவே இருக்கிற படிவம்தான் நம் திட்டத்தின் நோக்கமாகிவிடும்.

யாரிடம் போவது, எப்போது போவது

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. சமூகவியல், குற்றவியல், புள்ளியியல் என்று நமக்குத் தேவையான துறைகள் அங்கேயே இருக்கின்றன. பாளையங்கோட்டைக் கல்லூரிகளையும் விட்டுவிடாதீர்கள். தூய சவேரியார் கல்லூரி 1923-ல் வந்தது, சாரா டக்கர் கல்லூரி அதைவிட மூத்தது. எந்தக் கல்லூரி பெரியது என்பதைவிட, அங்கே நம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து பழகிய ஆசிரியர் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆசிரியருக்கு ஆய்விதழில் கட்டுரை வேண்டும். மாணவருக்கு செமஸ்டர் முடிவதற்குள் புராஜெக்ட் வேண்டும். சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி காட்ட வேண்டும். கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்கிற நாக் (NAAC) குழு வரும்போது ஆராய்ச்சி, விரிவாக்கப் பணி என்ற பிரிவில் காட்ட ஒப்பந்தங்கள் வேண்டும். இந்தக் கடைசித் தேவைதான் நமக்குக் கொஞ்சம் ஆபத்து. பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஃபைலைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து, அதோடு முடிந்த ஒப்பந்தங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு. எனவே கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சார், திங்கட்கிழமை காலையில ஒரு சந்தேகம் வந்தா நான் யாருக்குப் போன் பண்ணணும்?’ ஒரு பெயரும் நம்பரும் வந்தால் மேலே பேசலாம். ‘டிபார்ட்மென்ட்டுக்குப் பண்ணுங்க’ என்றால் காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

முடிந்தால் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூன்று நான்கு வருஷம் இருப்பார். முதுகலை மாணவர்கள் அவருக்குக் கை கொடுக்கட்டும். முதுகலை மாணவரை மட்டும் நம்பினால் ஆரம்பக் கணக்கெடுப்பை எடுத்தவர் ஒருவர், கடைசிக் கணக்கெடுப்பை எடுப்பவர் இன்னொருவர் என்றாகும், இரண்டுக்கும் நடுவே ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது.

போகவேண்டிய மாதம் ஜூன் அல்லது ஜூலை. ஜனவரியில் போனால் மாணவர்கள் தலைப்பை முடிவுசெய்து பாதி எழுதியிருப்பார்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு, அப்போது யாரும் கிடைக்க மாட்டார்கள். நம் பக்கத்து நாட்காட்டியையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். கோவில் கொடை (ஊர்த் திருவிழா) நடக்கிற வாரத்தில் ஊரில் சர்வே எடுக்க முடியாது. பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் சாஸ்தா கோவிலுக்குப் போயிருப்பார்கள். ஆடி அமாவாசைக்குப் பாதி ஊர் காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம். வெளியூரிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளருக்கு இது தெரியாது, உள்ளூர் மாணவருக்குச் சொல்லவே வேண்டாம். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் முதல் லாபம் இதுதான் என்பேன்.

புள்ளியியல் துறையில் ஒருவரை ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். எல்லாப் படிவமும் நிரப்பியான பிறகு அவரிடம் கொண்டுபோய்க் கொட்டினால், ‘இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது’ என்று மரியாதையாகச் சொல்லுவார்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

எங்கள் பக்கத்து நிறுவனம் ஒன்று சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்குக் கதவைத் திறந்துவிட்டது. மாணவர்கள் வந்தார்கள், வீடு வீடாகப் போனார்கள், படிவங்களை மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தாள்கூட ஊருக்குத் திரும்பவில்லை. அம்மாமார்கள் மட்டும் இன்றைக்கும் கேட்கிறார்கள், ‘அன்னைக்கு எழுதிட்டுப் போனாவள, என்ன ஆச்சு?’ என்று. அந்த ஊரில் அடுத்து யார் படிவத்தோடு போனாலும் வாசலோடு சரி.

ஆகவே தரவு யாருடையது என்பதை முதல் பத்தியில் எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது: பெயர் நீக்கிய தரவின் ஒரு பிரதி இரண்டு தரப்பிலும் இருக்கும், பெயரையும் எண்ணையும் இணைக்கிற பட்டியல் டிரஸ்டின் பீரோவில் மட்டும் இருக்கும். புதிய ஆய்வுக்கு அந்தத் தரவை எடுப்பதென்றால் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். பிள்ளைகளின் விவரம் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏறினால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே எல்லோரும் அந்தச் சட்டத்தில் குழந்தைகள்தான், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது.

அடுத்தது வெளியிடும் உரிமை. இங்கே நம் ஆட்கள் அதிகம் கேட்டுவிடுவார்கள். ‘எங்களுக்குப் பிடிக்காததை அச்சிடக் கூடாது’ என்று எழுதச் சொன்னால் நல்ல பேராசிரியர் எழுந்து போய்விடுவார், போகத்தான் வேண்டும். நாம் கேட்கக் கூடியது இவ்வளவு: வரைவு முப்பது நாள் முன்னதாக நம் கைக்கு வரவேண்டும், உண்மைப் பிழையைத் திருத்த நமக்கு உரிமை உண்டு, முடிவில் உடன்பாடில்லை என்றால் நம்முடைய கருத்தும் பக்கத்திலேயே அச்சாகும், ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் வராது. களப்பணியாளர் ஒருவர் வருஷம் முழுக்கத் தரவு திரட்டியிருந்தால் கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் வரட்டும். கேட்டால் கொடுக்கிறார்கள். பொதுவாக நாம்தான் கேட்பதில்லை.

பணம். மாணவர்களின் பஸ் செலவு, மதியச் சாப்பாடு, படிவ நகல், அம்மா கூட்டத்துக்கு டீ வடை, இவற்றை டிரஸ்டே நேராகச் செய்துவிடுவது எளிது. பல்கலைக்கழகக் கணக்குக்குப் போன பணம் பதிவாளர் அலுவலகம், நிதிப் பிரிவு என்று சுற்றி வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். வெளிநாட்டு நிதி வாங்குகிற அமைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2020-ல் வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கத் தடை இருக்கிறது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மதிப்பீட்டுச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

எதை அளப்பது, யாரோடு ஒப்பிடுவது

வாசிப்புக்குப் புதிதாகச் சோதனைத்தாள் தயாரிக்க வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பார்க்க 2005-லிருந்து நடத்துகிற ஏசர் (ASER) ஆய்வின் கருவி தமிழிலேயே இருக்கிறது. எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று படிப்படியாகப் போகும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். கணக்கில் எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள், தனியாக உட்கார்ந்து. கூட்டமாக வைத்தால் கெட்டிக்காரப் பிள்ளை முணுமுணுப்பதை மற்றது திருப்பிச் சொல்லும். பிள்ளையின் மனநிலை, நடத்தை பற்றி என்றால் குட்மன் என்பவர் 1997-ல் உருவாக்கிய எஸ்.டி.கியூ. படிவத்துக்குத் தமிழ் வடிவம் உண்டு. மொத்தம் 25 வாக்கியம். அதில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்பது அவர்களின் நிபந்தனை.

இனி ஒப்பீடு. திட்டம் தொடங்கும் முன் எடுத்தோம், முடிந்த பிறகு எடுத்தோம், பிள்ளைகள் இவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதினால் அது நம் வேலையின் பலன் என்று சொல்ல முடியாது. நம் பிள்ளைகளைச் சுற்றி இந்தச் சில வருஷத்தில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று பாருங்கள். 2021 அக்டோபரில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தருகிற இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, அதுவும் சாயங்காலத்தில்தான். 2022-ல் சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2023 ஆகஸ்ட்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தால் அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். அப்புறம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. ஆற்றங்கரை ஊர்களில் புத்தகமும் துணியும் சேர்ந்து போயின, பள்ளிகள் மூடிக் கிடந்தன. அந்த வருஷம் நவம்பரில் முதல் கணக்கும் மார்ச்சில் அடுத்த கணக்கும் எடுத்த ஒருவர், பிள்ளைகள் பின்தங்கியதைப் பார்த்து ‘திட்டம் தோல்வி’ என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு அநியாயம்! மேலே போனாலும் கீழே போனாலும், அதே மழையில் நனைந்த, அதே காலை உணவைச் சாப்பிட்ட, ஆனால் நம் மையத்துக்கு வராத பிள்ளைகளை வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

இதைச் சொன்னதும் ‘பிள்ளைகளை ஒதுக்கிவைத்து ஆராய்ச்சி செய்வதா’ என்று நம் ஆட்களுக்குக் கோபம் வரும். எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் எந்தச் சின்ன நிறுவனமும் எல்லா ஊரிலும் ஒரே நாளில் மையம் திறப்பதில்லை. இந்த வருஷம் சில ஊர், அடுத்த வருஷம் சில ஊர். எந்த ஊர் முதலில் என்பதை, எல்லா ஊர்ப் பெரியவர்களையும் கூட்டி வைத்து, திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது, ‘சீட்டுல விழுந்துச்சு’ என்று ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவது வருஷத்து ஊர்களில் முதல் வருஷமே கணக்கெடுத்துவிட்டால் அதுவே ஒப்பீட்டுக் குழு. புள்ளியியல்காரர் இதைக் கேட்டு மகிழ்ந்து போவார்.

எத்தனை பிள்ளைகள் வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாற்றம் நடுத்தர அளவில் (ஒரு திட்ட விலக்கத்தில் பாதி; திட்ட விலக்கம் என்பது பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) இருக்குமென்று எதிர்பார்த்தால், அதை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 64 பேர் வேண்டும். மாற்றம் சின்னதாக, அந்த விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் என்றால் ஒவ்வொரு பக்கமும் 390-க்கு மேல். அதுவும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்களாக இருந்தால்தான். ஒரே ஊர், ஒரே டீச்சர், ஒரே மையம் என்றால் இன்னும் கூட வேண்டும், ஏனென்றால் ஒரே டீச்சரிடம் படித்த நாற்பது பிள்ளைகள் நாற்பது தனித்தனிச் சாட்சி ஆக மாட்டார்கள். உங்களிடம் இருப்பதே ஐம்பது பிள்ளைகள் என்றால், சதவீதக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை வருஷம் முழுக்கத் தொடர்ந்து போய்ப் பேசிக் குறிப்பெடுக்கும் ஆய்வைக் கேளுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது பட்டை வரைபடம் போட்டுக் காட்டுவது நிதி தருகிறவரை ஏமாற்றுவதில் போய் முடியும்.

இன்னொரு சமாசாரம். மிகவும் பின்தங்கிய பிள்ளைகளாகப் பார்த்து மையத்தில் சேர்க்கிறோம் அல்லவா? அன்றைக்குக் காய்ச்சலோடு வந்து ஒன்றும் வாசிக்காத பிள்ளையும் அந்தப் பட்டியலில் இருக்கும். அடுத்த முறை நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது கொஞ்சம் மேலே வரும். ஒப்பீட்டு ஊரிலும் அதே மாதிரி பின்தங்கிய பிள்ளைகளையே எடுத்தால்தான் இந்த ஏமாற்று ஏற்றம் கழிந்துபோகும்.

வருகைப் பதிவேட்டைப் பத்திரமாக வையுங்கள். பல நிறுவனங்களில் அது தணிக்கைக்காக எழுதுகிற நோட்டு. மதிப்பீட்டில் அதைவிட மதிப்புள்ள ஆவணம் வேறு கிடையாது. நூறு நாள் வந்த பிள்ளையும் பத்து நாள் வந்த பிள்ளையும் ஒன்றா? மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் டிக் அடித்த பதிவேடு என்றால் ஆய்வாளர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதேபோல நடுவில் நின்றுபோன பிள்ளைகளைக் கடைசிக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. நின்றவர்களை விட்டுவிட்டு மிச்சம் இருப்பவர்களை எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றிதான். அப்பா திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போனால் குடும்பமும் பின்னாலேயே போய்விடும். தொடக்கத்திலேயே இரண்டு போன் நம்பர் வாங்குங்கள். ஒன்று வீட்டு நம்பர், மற்றது ஊரை விட்டு நகராத ஆச்சியுடையதோ தாய்மாமனுடையதோ.

வாசற்படியில்

படிவம் எழுதியானதும் ஊருக்கு எடுத்துப் போய் நான்கைந்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் படிவத்தின் முதல் வடிவத்தில் ‘உங்கள் பிள்ளை பீடி சுற்றுகிறதா? ஆம்/இல்லை’ என்றொரு கேள்வியை மாணவர்கள் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் அதைக் கேட்ட விதம் கண்ணிலேயே நிற்கிறது. அந்த அம்மா மடியில் சொளவு, ஒரு பக்கம் வெட்டி அடுக்கிய இலை, ஒரு பக்கம் தூள். பேசும்போதும் விரல் நிற்கவில்லை. இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்தது. சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். கேள்வியைக் கேட்டதும் பதில் சட்டென்று வந்தது: ‘பிள்ளையப் படிக்க வைக்கத்தான் நாங்க இந்தப் பாடு பட்டுச் சுத்துதோம். அதத் தொட விடுவோமா?’ மாணவி ‘இல்லை’யில் டிக் போட்டாள்.

எங்கள் களப்பணியாளர் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு மெதுவாக, ‘நேத்து சாயங்காலம் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னெல்லாம் செஞ்சா?’ என்று கேட்டார். ‘வந்தா, காப்பி குடிச்சா, பெறவு எனக்குக் கொஞ்ச நேரம் இலை வெட்டித் தந்தா, கட்டு எண்ணி வச்சா, பெறவு உங்க சென்டருக்குத்தான் ஓடி வந்துட்டா.’ அந்த அம்மா முதலில் சொன்னதும் பொய் இல்லை. அவர் கணக்கில் இலை வெட்டுவது வீட்டுக்குக் கூடமாட உதவுவது. அதிலிருந்து எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி போய், ‘நேற்றுச் சாயங்காலம் நாலு மணியிலிருந்து தூங்கப் போகும் வரை’ என்று ஒரு பக்கம் வந்தது. அரை மணிக்கு ஒரு கட்டம். மையம் இருக்கும் நாளிலும் இல்லாத நாளிலும் கேட்டால் வித்தியாசம் தெரியும். வருமானக் கேள்வியும் அப்படித்தான். ‘மாத வருமானம் எவ்வளவு’ என்றால் தோராயமாக ஏதோ ஒன்று வரும். ‘இந்த வாரம் எத்தனை ஆயிரம் சுற்றினீங்க, எத்தனை நாள் இலை கிடைச்சுது’ என்றால் மிகச் சரியாகச் சொல்வார்கள்.

கையெழுத்து வாங்கும்போது ‘இது உரிமைத்தொகைக்கா?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இது எந்தப் பணத்துக்கும் சம்பந்தப்பட்டது இல்லை, சேராவிட்டாலும் பிள்ளை மையத்துக்கு வரலாம் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். மனிதர்களிடம் செய்கிற ஆய்வுகளைச் சரிபார்க்கிற, பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வயதுப் பிள்ளையிடம் எழுத்திலும் சம்மதம் கேட்க வேண்டும். பிள்ளை முடியாது என்றால் விட்டுவிட வேண்டும், அம்மா அதட்டினாலும் சரி.

ஒப்புதல் படிவத்தில் ‘நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012-ன் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி புகார் தெரிவித்தே ஆகவேண்டும். ‘உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வோம்’ என்று எழுதுவதுதான் நேர்மை. மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், நம் அமைப்பில் யாரிடம் முதலில் சொல்வது என்பதும் அவர்கள் பையிலேயே இருக்க வேண்டும். இருபது வயதுப் பெண் தன்னந்தனியாக அப்படியொரு கதையைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போகும்படி விடக்கூடாது.

சாதியைப் பற்றிப் பேசாமல் நம் ஜில்லாவில் இளைஞர் திட்டம் பேச முடியாது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் பள்ளி மாணவர்களே சாதி வெறியில் வெட்டியது எல்லோருக்கும் தெரியும். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. ஆய்வுக்கு வருகிற மாணவரிடம் இரண்டாவது கேள்வியாகவே ‘தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். எதற்கென்று நமக்குத் தெரியும். என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ‘யுனிவர்சிட்டியிலருந்து வாரேன், இந்த அக்கா கூட வேலை பாக்கேன்’ என்று சொல்லி நகர்வது எங்கள் வழக்கம். இரண்டு பேராக அனுப்புங்கள், எப்போதும் மெயின் தெருவிலேயே தொடங்காமல் நாளுக்கு ஒரு பக்கமிருந்து தொடங்குங்கள், தண்ணீர் கொடுத்தால் எந்த வீட்டிலும் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். யார் எங்கே குடித்தார்கள் என்று ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பையன்களிடம் ‘நீ சாதி பார்ப்பாயா’ என்று கேட்டால் பாடப்புத்தகத்து முதல் பக்கம்தான் பதிலாக வரும். ‘போன மாசம் யார் யார் வீட்டுல சாப்பிட்ட?’, ‘உங்க கபடி டீம்ல எந்தெந்தத் தெருப் பையங்க இருக்காங்க?’, இப்படிக் கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம், தெரு மட்டும் போதும். அந்தத் தாளையும் ஊரில் வைத்துவிட்டு வராதீர்கள்.

விடை வந்த பிறகு

அறிக்கை அச்சுக்குப் போகும் முன், எண்கள் மட்டும் தயாரானதும், பேராசிரியரை நம் மையத்துக்கு அழைத்து வந்து தன்னார்வலர்களோடு உட்கார வையுங்கள். பாயில் வட்டமாக, யாருக்கும் தனி நாற்காலி இல்லாமல். எங்களுக்கு வந்த விடையில் வாசிப்பு நன்றாகவே ஏறியிருந்தது. அம்மா கூட்டத்தால் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எண்ணுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. காரணம் ஒரு மாணவியின் களக்குறிப்பேட்டில் கிடைத்தது. நாங்கள் கூட்டம் வைக்கிற நாளும் பீடிக்கடையில் கூலி போடுகிற நாளும் பல ஊர்களில் ஒன்றாக இருந்தது, வந்தவர்களும் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் குறிப்பேடுகளையும் கேட்டு வாங்குங்கள். மாணவர்கள் அதைத் தேர்வுக்கான சுமை என்று நினைத்து எழுதுவார்கள், நமக்கு அது தங்கம்.

தன்னார்வலர்களுக்குப் பிறகு ஊர், ஊருக்குப் பிறகுதான் நிதி தருகிறவர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஊருக்குச் சொல்ல பவர்பாயின்ட் வேண்டாம், பத்துப் புளியங்கொட்டை போதும். பத்துப் பிள்ளை வந்தால் அதில் எத்தனை பேர் முதலில் கதை வாசித்தார்கள், இப்போது எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று தரையில் நகர்த்திக் காட்டினால், ‘மிச்ச மூணுக்கு என்ன செய்யப் போறிய?’ என்று அடுத்த கேள்வி அங்கேயே வந்துவிடும். நிதி தருகிறவருக்கான அறிக்கையில் பலன் தெரியாத பகுதியை இணைப்பில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே, ‘இதை இப்படி மாற்றுகிறோம்’ என்ற வரியோடு சேர்த்துப் போடுங்கள். நீங்கள் முதல் நாள் வெள்ளைத்தாளில் எழுதிய அந்த ‘இல்லை’ வரி இங்கே கைகொடுக்கும். விடை வருவதற்கு முன்பே எழுதியது என்பதால் யாரும் அதைச் சமாளிப்பு என்று சொல்ல முடியாது.

கடைசியாக, மாணவர்கள் விடைபெறும் முன் வாங்கி வைக்க வேண்டியவை: தரவுக் கோப்பு, அதில் எந்தக் கட்டத்துக்கு எந்தக் கேள்வி என்று விளக்கும் தாள், வெற்றுப் படிவத்தின் ஒரு நகல், நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம். நிரப்பிய படிவங்களை எத்தனை வருஷம் வைத்திருந்து எப்போது கிழிப்பது என்பதையும் அந்த உறையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த ஜூனில் நீங்கள் மறுபடி போகும்போது துறைத் தலைவர் மாறியிருக்கக்கூடும். புதியவருக்கு உங்களைத் தெரியாது. அந்த உறையை மேஜையில் வைத்துவிட்டு, இந்த வருஷத்துக் கேள்வியை நீட்டுங்கள்.